மயக்கம் தெளிந்த பிறகு படியுங்கள்

(வாசகர் கேள்விகள். இந்த மாதம் முழுவதும் மருத்துவத் திகில் நாவல்கள் பற்றி வந்த கடிதங்கள். பதில் எழுதுபவர், தென் மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மயக்க மருத்துவராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர்.)

என் மகன் ஹாஸ்டலில் இருந்து ராபின் குக்கின் 'கோமா' நாவலைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனான். பாதியில் மூடி வைத்துவிட்டேன். அடுத்த மாதம் எனக்குப் பித்தப்பை ஆபரேஷன். மனுஷர்கள் இதையெல்லாம் ஏன் விரும்பிப் படிக்கிறார்கள்?
*வாசகி, கும்பகோணம்*

அம்மா, மூடி வைத்தது நல்ல காரியம். ஆபரேஷன் முடிந்து, தையல் பிரித்து, வீட்டில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும்போது மீதியைப் படியுங்கள்.

ஏன் விரும்புகிறார்கள் என்று கேட்டீர்கள். தியேட்டர் மேசையில் படுத்திருப்பவர் கடைசியாகப் பார்க்கும் முகம் மயக்க டாக்டருடையது. மாஸ்க்கை முகத்துக்கு அருகில் கொண்டுபோகும்போது எங்கள் ஊர்ப் பக்கம் அநேகமாக எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: "டாக்டர், முழிச்சிருவேன்ல?" பெரிய மீசை வைத்தவரும் கேட்பார், பிள்ளைத்தாய்ச்சியும் கேட்பாள். பெயர்கூடத் தெரியாத ஒருவரிடம் தன் மூச்சையே ஒப்படைக்கிற இடம் உலகத்தில் வேறு எது? ராபின் குக் 1977இல் கைவைத்தது அந்தக் கேள்வியில்தான்.

'கோமா' ஆரம்பிக்கும் விதத்தைக் கவனித்தீர்களா? பேயும் இல்லை, கத்தியும் இல்லை. 23 வயதுப் பெண், மாதவிலக்கு நிற்கவில்லை என்று டி அண்ட் சி (கருப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்வது) செய்துகொள்ள பாஸ்டனில் ஒரு மருத்துவமனைக்கு வருகிறாள். நம்மூரில் தினமும் நடக்கிற சின்ன சிகிச்சை அது. அவள் கண் விழிக்கவில்லை. அடுத்து, முழங்கால் ஆபரேஷனுக்கு வந்த ஓர் இளைஞன். அவனும் விழிக்கவில்லை. சூசன் வீலர் என்ற மருத்துவ மாணவி காரணத்தைத் தேடிப் போகிறாள். காரணத்தைச் சொல்லப் போகிறேன், தெரிய வேண்டாம் என்பவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.

நோயாளிகளின் உறுப்புகளை எடுத்து விற்பதற்காக, ஆக்சிஜன் குழாயில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவைக் கலக்கிறார்கள். இதைத் தேர்ந்தெடுத்ததில் குக்கின் டாக்டர் மூளை தெரிகிறது. ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின், ஆக்சிஜனைப் பிடிப்பதைவிட இருநூறு மடங்குக்கும் அதிகமான பலத்தோடு இந்த வாயுவைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் ரத்தம் கறுக்காது, நல்ல சிவப்பாகவே இருக்கும். அறுக்கிற சர்ஜன் ரத்தத்தின் நிறத்தைப் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைப்பார். மூளை மட்டும் பட்டினி கிடந்து சாகும். கொரோனா காலத்தில் நீங்கள் விரலில் மாட்டிப் பார்த்தீர்களே, பல்ஸ் ஆக்ஸிமீட்டர், அது 1977இல் தியேட்டர்களில் புழக்கத்துக்கு வரவில்லை. வந்திருந்தாலும் சாதாரண ஆக்ஸிமீட்டர் இந்த வாயுவையும் ஆக்சிஜன் கணக்கில் சேர்த்து நல்ல எண்ணையே காட்டியிருக்கும்.

பயப்படாதீர்கள். நாவலில் அது திட்டமிட்ட கொலை. நிஜத்தில், சிலிண்டர் மாறிப் போகக்கூடாது என்பதற்காகவே மயக்க மருந்து மெஷினில் சிலிண்டரின் துளைக்குள் பொருந்துகிற ஊசிகள் வைத்த ஓர் ஏற்பாடு உண்டு. ஆக்சிஜன் சிலிண்டருக்கு ஓர் இடத்தில் துளை, நைட்ரஸ் ஆக்சைடு என்ற மயக்க வாயுவுக்கு வேறிடத்தில். மாற்றி மாட்டினால் பொருந்தாது. அரைத் தூக்கத்தில் டூட்டி பார்க்கிற டாக்டரையும் மனதில் வைத்து யாரோ நல்லவர்கள் யோசித்த ஏற்பாடு.

உங்கள் பங்குக்குச் செய்ய வேண்டியது ஒன்று. முந்தின நாள் மயக்க டாக்டர் பார்க்க வரும்போது எதையும் மறைக்காதீர்கள். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, ஆடுகிற பல் உண்டா, முன்பு மயக்கம் கொடுத்தபோது தொந்தரவு இருந்ததா, எல்லாவற்றையும் சொல்லுங்கள். காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். 'கோமா'வில் வருகிற எந்த வில்லனையும்விட அந்த இரண்டு இட்லி ஆபத்தானது. மயக்கத்தில் வயிற்றில் உள்ளது மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே உலை வைக்கும்.

இந்த வகை நாவல் எழுதுபவர்கள் பெரும்பாலும் டாக்டர்களாகவே இருக்கிறார்களே, ஏன்? வைத்தியம் பார்ப்பதைவிட இதில் காசு அதிகமா?
*வாசகர், நாகர்கோவில்*

காசும் ஒரு காரணம்தான். மைக்கேல் கிரைட்டன் ஹார்வர்டில் மருத்துவம் படித்தபோது புனைபெயரில் நாவல்கள் எழுதிப் படிப்புச் செலவைச் சமாளித்தார். ஒரு நாவலுக்கு ஜெஃப்ரி ஹட்சன் என்று பெயர் போட்டுக்கொண்டார். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்து அரசவையில் இருந்த மிகக் குள்ளமான மனிதர். கிரைட்டனோ ஆறே முக்கால் அடி உயரம். அந்த நாவல் 'எ கேஸ் ஆஃப் நீட்', 1968இல் வந்தது. கருக்கலைப்பு அமெரிக்காவில் பெரும்பாலும் சட்டவிரோதமாக இருந்த காலத்தில் அதையே கதைப்பொருளாக எடுத்தார். துப்பறியும் கதைகளுக்கான எட்கர் விருதும் கிடைத்தது. எம்.டி. பட்டம் வாங்கியும் அவர் டாக்டராகத் தொழில் செய்யவில்லை. பின்னால் 1994இல் தொடங்கிப் பதினைந்து சீசன் ஓடிய 'ஈ.ஆர்.' தொலைக்காட்சித் தொடரை உருவாக்கியவரும் அவரே.

ராபின் குக் கண் மருத்துவர். முதல் நாவலை அமெரிக்கக் கடற்படையில் இருந்தபோது நீர்மூழ்கிக் கப்பலில் எழுதினார். ஒரு பயிற்சி மருத்துவரின் தூக்கமில்லாத வருஷத்தைப் பற்றியது, பெயர் 'தி இயர் ஆஃப் தி இன்டர்ன்', 1972. சரியாக ஓடவில்லை. குக் சோர்ந்து உட்காரவில்லை. நன்றாக விற்ற நாவல்களை எடுத்துவைத்து, எந்த இடத்தில் வாசகரின் மூச்சு நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று உடற்கூறு படிப்பதுபோல அறுத்து அறுத்துப் பார்த்தார். அதன் பலன்தான் 'கோமா'. அதைப் படமாக 1978இல் இயக்கியவர் யார் தெரியுமா? அதே கிரைட்டன். குக்கோடு ஒரே கல்லூரியில் படித்த மைக்கேல் பாமர் என்ற டாக்டரும் பின்னாலேயே எழுத வந்துவிட்டார்.

எனக்கு மிகவும் பிடித்தவர் டெஸ் கெரிட்சன். அம்மா சீனாவிலிருந்து அமெரிக்கா வந்தவர். கெரிட்சன் ஹவாயில் மருத்துவம் பார்த்தார், பிள்ளை பெற்று விடுப்பில் இருந்தபோது எழுத ஆரம்பித்தார். முதலில் காதல் கலந்த மர்மக் கதைகள். 1996இல் 'ஹார்வெஸ்ட்' வந்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அதில் ஒரு பயிற்சி சர்ஜன் பெண், மாற்று இதயம் யாருக்குப் போக வேண்டும் என்ற சண்டையில் மாட்டிக்கொள்கிறாள். பணக்கார வீட்டுப் பெண்மணிக்கா, வரிசையில் முதலில் நிற்கிற பதினேழு வயதுப் பையனுக்கா? எனக்கு அந்த இடத்தில் புத்தகத்தைக் கீழே வைக்க முடியவில்லை.

பழைய ஆளையும் மறக்க வேண்டாம். ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டாயில் எடின்பரோவில் படித்த டாக்டர். நோயாளி உள்ளே நுழையும்போதே அவர் தொழில், ஊர் எல்லாம் சொல்லிவிடுகிற ஜோசப் பெல் என்ற பேராசிரியர்தான் ஹோம்ஸுக்கு முன்மாதிரி. டாயில் 1891இல் லண்டனில் கண் கிளினிக் திறந்தார். ஒரு நோயாளிகூட வரவில்லை என்று தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். சும்மா இருந்த நேரத்தில் கதை எழுதினார்.

காசையும் ஓய்வு நேரத்தையும் தள்ளிவைத்தால், அடிப்படைக் காரணம் டாக்டர் வேலையிலேயே இருக்கிறது. நோயாளி சொல்வதைக் கேட்டு, சொல்லாததைக் கண்டுபிடித்து, தப்பான காரணங்களை ஒவ்வொன்றாகத் தள்ளி, நேரம் முடிவதற்குள் சரியானதைப் பிடிக்க வேண்டும். அதுவே துப்பறியும் கதையின் எலும்புக்கூடு.

டாக்டர் இல்லாத யாரும் நன்றாக எழுதவில்லையா?
*வாசகர், மன்னார்குடி*

எழுதியிருக்கிறார். ஆர்தர் ஹெய்லியின் 'தி ஃபைனல் டயக்னாசிஸ்' (1959). என்னைக் கேட்டால் இந்த வரிசையில் அதற்குத்தான் முதலிடம், திகில் நாவல் என்று யாரும் அதை அழைக்காவிட்டாலும். வில்லனே கிடையாது. பியர்சன் என்ற வயதான நோய்க்கூறியல் (பேதாலஜி) டாக்டர், மருத்துவமனை லேப் அவர் பொறுப்பு, ஒரு காலத்தில் கெட்டிக்காரர். புதிய முறைகளைக் கற்க மாட்டேன் என்கிறார். ரத்தத்தில் செய்ய வேண்டிய கூம்ப்ஸ் பரிசோதனை அவருடைய பிடிவாதத்தால் நடக்காமல் போகிறது. தாயின் ரத்த வகையும் குழந்தையின் ரத்த வகையும் ஒத்துப்போகாத ஆர்.ஹெச். பொருந்தாமையால் ஒரு பச்சைக் குழந்தை இறந்துபோகிறது. குழந்தையின் தகப்பன் அதே லேபில் வேலை பார்க்கும் டெக்னீஷியன். மருத்துவமனையில் உயிர் போவது பெரும்பாலும் இப்படித்தான். சதி செய்ய யாருக்கும் நேரம் இருப்பதில்லை. களைப்பு, அகம்பாவம், 'நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்கிற எண்ணம், இவை போதும்.

நான் ஸ்டாஃப் நர்ஸ். இந்த நாவல்களில் நர்ஸ் என்றால் ஒன்று செத்துப்போகிறாள், இல்லையென்றால் விஷ ஊசி போடுகிறாள். எங்களுக்கு வேறு வேலையே இல்லையா?
*வாசகி, கரூர்*

சிஸ்டர், உங்கள் கோபம் நியாயம். மைக்கேல் பாமரின் முதல் நாவல் 'தி சிஸ்டர்ஹுட்' (1982) இதற்கு நல்ல உதாரணம். தீராத நோயில் துடிப்பவர்களுக்கு ரகசியமாகச் சாவு தருகிற நர்ஸ்கள் கூட்டம். கருணையில் தொடங்கியது எங்கே போய் முடிகிறது என்பது கதை. பாமர் அந்த நர்ஸ்களை ராட்சசிகளாகக் காட்டவில்லை, அவர்கள் மனதுக்குள்ளும் போய்ப் பார்க்கிறார். அந்த அளவுக்கு அவரை மதிக்கிறேன். ஆனாலும் நர்ஸின் தினசரி வேலை எப்படிப்பட்ட பரபரப்பு என்பதை எழுதியவர்கள் குறைவு.

பஞ்சு, கத்தரி எண்ணுகிற வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். வயிற்றை மூடுவதற்கு முன் சிஸ்டர் எண்ணுகிறார். ஒரு பஞ்சு குறைகிறது. பெரிய சர்ஜன், "சரியா எண்ணும்மா, மூடப் போறேன்" என்று குரலை உயர்த்துகிறார். சிஸ்டர், "மூடாதீங்க சார்" என்று நிற்கிறார். அப்படி நின்ற ஒருவரை எனக்குத் தெரியும். சத்தம் போட்டுப் பேசியே அறியாதவர். மறுபடி தேடியபோது பஞ்சு குடலுக்குப் பின்னால் இருந்தது. அந்த ஐந்து நிமிஷத்தை ஒருவர் ஒழுங்காக எழுதினால் எந்தச் சதித் திட்டமும் அதன் பக்கத்தில் நிற்காது. நீங்களே ஏன் எழுதக்கூடாது?

கொரோனாவை முன்கூட்டியே சொன்ன நாவல் உண்டா?
*வாசகர், சிவகாசி*

ஜோசியம் சொன்ன நாவல் எதுவும் இல்லை. ஆனால் காலத்தின் பயத்தை மோப்பம் பிடித்த நாவல் உண்டு. கிரைட்டனின் 'தி ஆண்ட்ரோமெடா ஸ்ட்ரெய்ன்' 1969இல் வந்தது. செயற்கைக்கோளோடு வந்திறங்கிய ஒரு கிருமி அரிசோனாவில் ஒரு சிற்றூரையே கொன்றுபோடுகிறது. மிச்சம் இருவர்: ஒரு கிழவர், அழுகிற ஒரு கைக்குழந்தை. அவர்கள் இருவர் மட்டும் ஏன் பிழைத்தார்கள் என்பதே கேள்வி. அதே 1969 ஜூலையில் நிலவிலிருந்து திரும்பிய ஆம்ஸ்ட்ராங் உள்ளிட்ட மூவரையும், நிலவுக் கிருமி எதையாவது கொண்டுவந்திருப்பார்களோ என்று அமெரிக்கா 21 நாள் கணக்கில் தனிமைப்படுத்தி வைத்தது. கற்பனையும் அரசாங்கமும் ஒரே விஷயத்துக்குப் பயந்த வருஷம் அது. குக் 1987இல் எழுதிய 'அவுட்பிரேக்' எபோலா பற்றியது. அதுவும் விறுவிறுப்புத்தான், ஆனால் கிருமி தானாகப் பரவுவதோடு நிற்காமல் அதைப் பரப்ப ஆட்களை வைக்கிறார். எனக்கு அங்கே சுவாரசியம் குறைந்துவிட்டது.

உடல் உறுப்பு தானத்துக்குப் பதிவு செய்யலாம் என்று வீட்டில் பேசினேன். அப்பா 'கோமா' படமும் பார்த்தவர், அந்த மாதிரி நாவல்களும் படித்தவர். "பதிவு பண்ணினா ஆஸ்பத்திரியில வைத்தியத்தைப் பாதியில நிறுத்திருவாங்க" என்கிறார். என்ன சொல்லட்டும்?
*வாசகர், தேனி*

தம்பி, இந்தக் கடிதத்துக்காகவே மற்றவற்றைச் சுருக்கினேன்.

அப்பாவின் பயம் வானத்திலிருந்து விழுந்ததல்ல. முதல் இதய மாற்று 1967 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவில் நடந்தது. மூளைச்சாவு என்றால் என்ன என்று ஹார்வர்டு குழு 1968இல் வரையறுத்தது. உறுப்பை விற்கக்கூடாது என்று அமெரிக்கா சட்டம் போட்டது 1984இல்தான். 'கோமா' இதற்கு இடைப்பட்ட காலத்து நாவல். உடம்பின் எந்தப் பாகத்தையும் விற்கத் தயார் என்று 1968இல் கலிபோர்னியாப் பத்திரிகை ஒன்றில் ஒருவர் கொடுத்த விளம்பரத்தைக் குக் தன் பின்னுரையில் காட்டுகிறார். நம் பக்கமும் அப்பழுக்கில்லாததல்ல. சென்னை வில்லிவாக்கத்துக்குக் 'கிட்னிவாக்கம்' என்று பெயர் ஒட்டிக்கொண்ட காலம் இருந்தது. கடன்பட்ட ஏழைகள் சிறுநீரகம் விற்றார்கள். அந்தக் கொடுமைக்குப் பிறகுதான் 1994இல் இந்தியாவில் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் வந்தது.

இப்போது அப்பாவிடம் சொல்ல வேண்டியது. கோமா வேறு, மூளைச்சாவு வேறு. கோமாவில் இருப்பவரின் மூளைத்தண்டு, அதாவது மூச்சை நடத்துகிற அடிமூளைப் பகுதி, வேலை செய்யும். பலர் தானாகவே மூச்சு விடுவார்கள், சிலர் மீண்டும் வருவார்கள். குக்கின் நாவலில் உறுப்புக்காகக் கம்பிகளில் தொங்கவிடப்பட்டிருப்பவர்கள் கோமாவில் உள்ளவர்கள். நம் சட்டப்படி அவர்களிடமிருந்து ஒரு நகத்தைக்கூட எடுக்க முடியாது.

மூளைச்சாவில் மூளைத்தண்டே இறந்துவிட்டது. வென்டிலேட்டரை எடுத்தால் மூச்சு இல்லை. இதை ஒருவர் பார்த்து முடிவு செய்வதில்லை. நான்கு டாக்டர்கள் சோதிக்க வேண்டும். குறைந்தது ஆறு மணி நேரம் கழித்து மறுபடியும் எல்லாச் சோதனைகளையும் செய்ய வேண்டும். கண்ணில் வெளிச்சம் அடித்தால் கண்பாப்பா சுருங்குகிறதா, கருவிழியைத் தொட்டால் இமை மூடுகிறதா, காதில் குளிர்ந்த நீர் விட்டால் கண் அசைகிறதா, தொண்டையில் குழாயை அசைத்தால் இருமல் வருகிறதா என்று பார்ப்பார்கள். கடைசியாக, ஆக்சிஜனைக் கொடுத்துக்கொண்டே வென்டிலேட்டரைப் பிரித்து, ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏற ஏற நெஞ்சு ஒரு தடவையாவது எழும்புகிறதா என்று காத்திருப்பார்கள். அந்தக் குழுவில் நானும் நின்றிருக்கிறேன். அந்த நிமிஷங்களில் அறையில் இருக்கும் ஒவ்வொருவரும் நெஞ்சு எழும்ப வேண்டும் என்றுதான் ஆசைப்படுவோம். உறுப்பை மாற்றிப் பொருத்துகிற டாக்டர் யாரும் அந்தக் குழுவில் இருக்கக்கூடாது. நீங்கள் அட்டை வாங்கி வைத்திருந்தாலும், கடைசியில் குடும்பத்தார் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் நடக்கும்.

2023 செப்டம்பரில் தமிழக அரசு, உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று அறிவித்தது. அப்பாவைக் கட்டாயப்படுத்த வேண்டாம். நான் சொன்ன சோதனைகளை மட்டும் சொல்லுங்கள். நாவலைத் தூக்கிப் போடவும் சொல்லாதீர்கள். யார் சோதித்தார், எத்தனை பேர் சோதித்தார் என்று கேட்கத் தூண்டுகிற வரை அந்த நாவல் நல்ல காரியமே செய்கிறது.

தமிழில் மருத்துவத் திகில் இல்லையே என்ற குறை எனக்கு உண்டு. இந்தியா வருகிற ஆங்கில நாவலாவது இருக்கிறதா?
*வாசகர், திண்டுக்கல்*

இந்தியா வருகிற நாவல் குக்கின் 'ஃபாரின் பாடி' (2008). குறைந்த செலவில் ஆபரேஷன் செய்துகொள்ள டெல்லிக்கு வந்த அமெரிக்கர்கள் இறக்கிறார்கள். ஆசையோடு எடுத்தேன், ஆனால் நம் வார்டு அதில் இல்லை. டிபன் கேரியரோடு வராண்டாவில் பாய் விரித்துப் படுத்திருக்கும் சொந்தக்காரர்கள் இல்லாமல் ஏது இந்திய ஆஸ்பத்திரி?

தமிழுக்கு வருகிறேன். சுஜாதாவின் 'நகரம்' சிறுகதையை மறுபடி படியுங்கள். மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் காய்ச்சலோடு கொண்டுவரப்படும் பாப்பாத்தி. பெரிய டாக்டர் மூளைக்காய்ச்சல் என்று கண்டுபிடித்துவிடுகிறார், உடனே சேர்க்கச் சொல்கிறார். அதற்குப் பிறகு அவள் அம்மா வள்ளியம்மாள் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் ஜன்னலாக அலைகிறாள். யாரும் கெட்டவர்கள் இல்லை. சாயங்காலம் அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குத் திரும்புகிறாள். பெரிய டாக்டர் அந்தக் குழந்தை எங்கே என்று தேடும்போது நமக்குத் தொண்டை அடைக்கிறது. சில பக்கங்களில் முடிந்துவிடுகிற கதை. மருத்துவத் திகில் தமிழில் இல்லை என்று இனி சொல்லாதீர்கள். நீளமாக யாரும் எழுதவில்லை என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

நான் ஹவுஸ் சர்ஜன். நைட் டூட்டியில் பார்ப்பதையெல்லாம் நாவலாக எழுத ஆசை. நோயாளிகளின் கதையை எடுக்கலாமா? எங்கிருந்து ஆரம்பிக்க?
*வாசகி, செங்கல்பட்டு*

நோயாளியின் பெயரை மட்டும் மாற்றினால் போதாதும்மா. ஊர், வயது, தொழில், நோய் வந்த சூழ்நிலை எல்லாம் மாற வேண்டும். அவருடைய தங்கச்சி படித்தால்கூட "இது நம்ம அண்ணன்" என்று சொல்லக்கூடாது. அவர் உங்களிடம் சொன்னது உடம்பு சரியாவதற்காக, கதைக்காக அல்ல. வாழ்க்கையிலிருந்து நீங்கள் எடுக்க வேண்டியது நோயின் நடத்தை, மெஷினின் சத்தம், விடிகாலை மூன்று மணிக்கு வார்டு பாய் டீ கொண்டுவருகிற நேரம், உங்கள் சொந்த பயம். இவை உங்களுடையவை, தாராளமாக எடுங்கள்.

சதியில் ஆரம்பிக்காதீர்கள். உலகம் முழுவதையும் ஆட்டிப்படைக்கிற மருந்துக் கம்பெனியை எல்லோரும் எழுதிவிட்டார்கள். உங்கள் வார்டில் இருக்கிற ஒரே ஒரு பொருளை எடுங்கள். ஒரு சிலிண்டர், ஒரு ரத்தப் பை, தப்பான படுக்கையில் மாட்டப்பட்ட ஒரு கேஸ் ஷீட். அது சரியாக எப்படி வேலை செய்யும் என்பதைப் படிக்காத வாசகருக்கும் புரிகிற மாதிரி முதல் அத்தியாயத்திலேயே சொல்லிவிடுங்கள். அது தவறும்போது நீங்கள் பயமுறுத்தவே வேண்டியிருக்காது. நோயின் பெயர்களை அடுக்கி மிரட்ட வேண்டாம், அது படிப்பைக் காட்டுமே தவிர கதையைக் காட்டாது.

இன்னொன்று. டூட்டி முடிந்து தூங்கி எழுந்த பிறகு எழுதுங்கள். முதல் அத்தியாயம் முடிந்ததும் பத்திரிகை முகவரிக்கு அனுப்பிவையுங்கள். மயக்க மருந்து வருகிற இடங்களில் தப்பிருந்தால் ஓரத்தில் குறித்துத் திருப்பி அனுப்புகிறேன்.